புதுப்பேட்டையில் ஒரு பழைய ஆல்டர்னேட்டர்

எங்கள் வீட்டு மாருதி 800 காரில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பழுதானபோது, புதியது வாங்க மனம் வராமல் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்றேன். அந்த மாடலின் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டாலும், அங்குள்ள சந்துகளில் அதன் கதவுகளும் கியர்பாக்ஸ்களும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. காயலாங்கடைப் பொருளை அதிர்ஷ்டத்தை நம்பித்தான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, மெக்கானிக் சோதித்த விதம் வியப்பாக இருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த பழுதான ஆல்டர்னேட்டரை அருகில் வைத்து, போல்ட் துளைகளின் இடைவெளி, புல்லியின் பள்ளங்கள், வயர் சாக்கெட் ஆகியவற்றை ஒப்பிட்டு, புல்லியைக் கையால் சுழற்றி பேரிங் கரகரக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்டு, கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்த பிறகே விலை பேசினார். (பேரத்தின்போது நான் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் வழியிலேயே விதித்த நிபந்தனை.) திருட்டு வண்டியின் பாகமாக இருந்துவிடக் கூடாதே என்ற கவலையில் நான் ரசீது கேட்டதும், கடைக்காரர் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். பிரேக் பாகங்களையும் சீட் பெல்ட்டையும் மட்டும் இப்படிப் பழையதாக வாங்க எனக்குத் துணிவில்லை. மாலையில் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தபோது 14 வோல்ட் காட்டியது; பேட்டரி சரியாக சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.