அரைக் கிலோ வினையூக்கிக்கு ஏழு மாதம்

2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது, எனக்குத் தரப்பட்ட வேலை அட்டவணையில் "தொழிற்சாலை வினையூக்கியைப் பெற்றுக்கொள்ளுதல்" என்ற பணிக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். அது ஏழு மாதமாக நீண்டது. தூய ஆற்றல் தொடர்பான கூட்டு ஆய்வில் வினையூக்கி நிறுவனம் ஒன்று பங்காளியாக இருந்தால் வேலை எப்படி நடக்கும் என்று, இப்போது அதே துறைக்கு வரும் மாணவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 நிதியில் நடந்த எங்கள் திட்டத்தில் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் அந்த நிறுவனமும் இருந்தன. எஃகாலை வாயுக்களில் வீணாகும் கார்பன் மோனாக்ஸைடையும் கரியமில வாயுவையும், காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறும் ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனாலாக மாற்றுவது நோக்கம். இதே கருத்தில், எங்களுக்குப் பக்கத்திலிருந்த டியூஸ்பர்க் நகரில் கார்பன்-டூ-கெம் என்ற பெருந்திட்டம் நடந்துகொண்டிருந்தது. 2018 செப்டம்பரில் அங்கே எஃகாலை வாயுவிலிருந்து மெத்தனால் எடுத்துக் காட்டினார்கள். அதன் முன்னே எங்களுடையது கைக்கடக்கமான முயற்சி.

இந்த வினைக்கான வினையூக்கியில் செம்பு, துத்தநாக ஆக்ஸைடு, அலுமினா ஆகிய மூன்றும் இருக்கும் என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. 1966இல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் குறைந்த அழுத்த மெத்தனால் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கூட்டணிதான் உலகெங்கும் ஓடுகிறது. ஆகவே, "நாமே தயாரித்துக்கொண்டால் என்ன, எதற்கு ஒருவரிடம் கையேந்த வேண்டும்?" என்று முதல் மாதமே வழிகாட்டியிடம் கேட்டேன். தயாரித்துப் பார் என்றார். தயாரித்தேன். முதல் நாள் அது அருமையாக வேலை செய்தது. இரண்டாவது வாரத்தில் பாதி செயல்திறன் போய்விட்டது. கரியமில வாயு மெத்தனாலாகும்போது நீரும் உண்டாகிறது. அந்த நீராவியில் செம்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, வினை நடக்கும் பரப்பு சுருங்குகிறது. உலோக உப்புக் கரைசலிலிருந்து வினையூக்கியைத் திடப்பொருளாக வீழ்படிவாக்கும்போது எந்தக் கார-அமில அளவில் (pH) நிறுத்துவது, எவ்வளவு நேரம் முதிரவிடுவது, சோடியம் போக எத்தனை முறை கழுவுவது என்பவற்றில்தான் நிறுவனங்களின் பல பத்தாண்டுக் கைப்பழக்கம் அடங்கியிருக்கிறது.

ஏழு மாதமும் போனது ஒப்பந்தத்தில். திட்டப் பங்காளிகள் அனைவருக்குமான கூட்டமைப்பு ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தும், மாதிரியை ஒப்படைப்பதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றது நிறுவனம். பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவுக்கும் அவர்களுடைய சட்டப் பிரிவுக்கும் இடையே வரைவு போய்த் திரும்பியது. நிறுவனம் தன்னோடு கொண்டுவரும் முன்னறிவு எது, திட்டத்தில் புதிதாகப் பிறக்கும் முடிவு எது என்ற எல்லையை வரைவதில்தான் அத்தனை இழுபறியும். இறுதியில் ஒப்புக்கொண்ட விதிகளில் இரண்டு என் தலையில் விழுந்தன: மாதிரியின் வேதி இயைபை நான் பகுத்தாயக் கூடாது, மிச்சமானதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

2018 மே மாதம் ஒரு பிளாஸ்டிக் புட்டி வந்தது. உள்ளே ஐந்தாறு மில்லிமீட்டர் அளவில் பளபளப்பான கருப்பு உருளைகள். மொத்தம் 500 கிராம். கூடவே ஒரு பக்க அளவில் ஒரு தாள், அதில் வினையூக்கியை எப்படி எழுப்புவது, அதாவது செயல்படும் நிலைக்குக் கொண்டுவருவது, என்ற குறிப்பு: நைட்ரஜனில் ஒரு சதவீத அளவே ஹைட்ரஜன் கலந்து, இரவு முழுவதும் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். செம்பு ஆக்ஸைடு செம்பாகும்போது வெப்பம் கக்கும். அவசரப்பட்டால் முதல் நாளே செம்பு திரண்டு, வினையூக்கி பாழாகிவிடும். அந்த ஒரு தாளுக்கு நான் படித்த பல ஆய்வுக் கட்டுரைகளைவிட மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

உருளைகளை இடித்துச் சலித்து, கால் மில்லிமீட்டர் துகளாக்கி, 50 பார் அழுத்தத்தில், 240 டிகிரி செல்சியஸில் ஓட்டத் தொடங்கினேன். பத்து நாள் கழிந்தபோது மெத்தனால் அளவு இறங்கத் தொடங்கியது. வெளிவரும் வாயுவில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் வாயு நிறப்பிரிகை வரைபடத்தில், இதுவரை வெறுமையாக இருந்த இடத்தில் மீத்தேனின் சிறு முகடு ஒன்று தலை காட்டியது. நாளுக்கு நாள் அது வளர்ந்தது. உலையைத் திறந்து மூன்று முறை புதிதாக நிரப்பினேன். மூன்று முறையும் அதே கதை. புகழ்பெற்ற வினையூக்கியே இவ்வளவுதானா என்று, வெளியே சொல்லாவிட்டாலும், உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது.

மாதாந்தரத் தொலைபேசிக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினேன். நிறுவனத்தின் பக்கம் பேசியவர், ஆலைகளில் முப்பது ஆண்டு கழித்த ஒரு பொறியாளர். வெப்பநிலையையோ அழுத்தத்தையோ அவர் விசாரிக்கவில்லை. "உங்கள் கார்பன் மோனாக்ஸைடு சிலிண்டர் எஃகா, அலுமினியமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தேன், எஃகு. கார்பன் மோனாக்ஸைடு அதிக அழுத்தத்தில் எஃகுச் சிலிண்டருக்குள் நெடுநாள் இருந்தால், இரும்போடு சேர்ந்து இரும்பு கார்பனைல் என்ற ஆவியாகும் சேர்மம் உண்டாகும். அது வாயுவோடு வந்து சூடான வினையூக்கியில் சிதைந்து, இரும்பைப் படியவைக்கும். இரும்பு தன் வழக்கப்படி மீத்தேனும் பிற ஹைட்ரோகார்பன்களும் தயாரிக்கும். செம்பின் வேலையும் கெடும். ஆலைக்காரர்களுக்கு இது பாலபாடம். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

இதை உறுதி செய்ய, பயன்பட்ட துகளில் இரும்பு இருக்கிறதா என்று பகுத்தாய வேண்டும். ஒப்பந்தமோ பகுத்தாயக் கூடாது என்கிறது. சட்டப் பிரிவைக் கேட்டால் மறுபடி மாதங்கள் போய்விடும் என்று அஞ்சி, மாதிரியை அவர்களுக்கே அனுப்பினோம். உலையின் நுழைவாய்ப் பக்கத்துத் துகளில் இரும்பு மிகுதி, கடைசிப் பக்கத்தில் சொற்பம் என்று பதில் வந்தது. அலுமினிய சிலிண்டருக்கு மாறி, குழாய்வழியில் இரும்பு கார்பனைலைப் பிடித்துவைக்கக் கிளர்வூட்டிய கரியால் ஒரு பொறியும் வைத்த பிறகு மீத்தேன் முகடு மறைந்தது. ஏறக்குறைய ஐந்து மாத அளவீடுகளைக் குப்பையில் போட்டேன். தவறு என்னுடையது, சிலிண்டர் வாங்கும்போது நான்தான் விலையை மட்டும் பார்த்தேன்.

கட்டுரை வெளியீட்டில் உரசல் வந்தது. ஹொரைசன் 2020 விதிப்படி, வெளியிடுவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே பங்காளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்; அவர்கள் 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். இருபத்தொன்பதாம் நாள் ஆட்சேபம் வந்தது. ஒரு படத்தில் ஒரு கிராம் வினையூக்கி மணிக்குத் தரும் மெத்தனால் அளவை எண்ணாகக் கொடுத்திருந்தேன்; அதை ஒப்பீட்டு அளவாக மாற்றச் சொன்னார்கள். போட்டி நிறுவனங்கள் படிப்பார்கள் என்பது அவர்களின் காரணம். வழிகாட்டி சினந்தார், பிறகு இணங்கினார். மாற்றிய பிறகு, வேறு யாரும் தம் முடிவோடு என்னுடையதை ஒப்பிட முடியாத நிலை ஏற்பட்டது. அந்தப் படம் இன்றும் எனக்குக் குறையாகவே தெரிகிறது. இரும்பு பற்றிய பகுதியை ஒரு சொல்லும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

திட்டம் முடிந்ததும் மிச்சத்தை எடைபோட்டு அனுப்பினேன். உலையில் பயன்பட்டது, இடிக்கும்போது தூசியானது, பகுப்பாய்வுக்குப் போனது என எல்லாவற்றையும் ஆய்வுக்குறிப்பேட்டிலிருந்து கூட்டி எழுதியும் 12 கிராம் கணக்கில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்த 12 கிராம் என்ன ஆயிற்று என்று மின்னஞ்சல் வந்தது. சல்லடை வலையைத் திருப்பித் தட்டியதில் 3 கிராம் கிடைத்தது. மீதி 9 கிராமுக்கு "கையாளுகையில் இழப்பு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.