மார்கழியிலும் வியர்த்தது

மார்கழி விடியற்காலையில் வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருக்க, நான் நைட்டி நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பேன். தலையணை உறையைத் தினமும் மாற்ற வேண்டியிருந்தது. 'மதுரை வெயில்' என்று புரட்டாசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அதற்கு மேல் எடுபடவில்லை.

எனக்கு 43 வயது. முதலில் பார்த்த டாக்டர், "மாதவிலக்கு நிற்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதினார். நம்பினேன். ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் 6 கிலோ குறைந்திருந்தது. கரும்பலகையில் எழுதும்போது விரல் நடுங்கியது. இதையெல்லாம் வியர்வையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்துப் போன மருத்துவர் நிறையக் கேட்டார். உள்ளங்கையில் மட்டுமா, உடம்பு முழுக்கவா? தூக்கத்திலுமா? சின்ன வயதிலேயே தொடங்கி, உள்ளங்கை, பாதம், அக்குளில் மட்டும் வியர்த்து, தூங்கும்போது நின்றுவிட்டால் பெரும்பாலும் பின்னால் வேறு நோய் இருக்காதாம். நடுவயதில் புதிதாக, உடம்பு முழுக்க, ராத்திரியும் வியர்த்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும் என்றார். காசநோய்க்காக இருமல், காய்ச்சலை விசாரித்தார். சர்க்கரைக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். அப்புறம் கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதோ என்று சந்தேகப்பட்டார்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு வந்ததைச் சொன்னது நல்லதாயிற்று. அது தைராய்டு பரிசோதனையையே தப்பாகக் காட்டிவிடக்கூடும் என்று, நிறுத்தி 3 நாள் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 மிக அதிகம். ஆன்டிபாடி பரிசோதனையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய் என்று உறுதியானது.

தைராய்டு சுரப்பைக் குறைக்கக் கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார். ஆஸ்துமா இல்லை என்று கேட்டுக்கொண்டு, படபடப்புக்குப் புரோப்ரனோலால். படபடப்பு சில நாளில் அடங்கியது. வியர்வை குறைய 6 வாரம் ஆனது. கார்பிமசோல் அபூர்வமாக ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடுமாம்; அதனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அதை எழுதி மாத்திரை டப்பாவில் ஒட்டிவைத்தேன். ஒருமுறை தொண்டை வலித்தபோது பயந்துகொண்டே லேபுக்கு ஓடினேன். நல்லவேளை, எண்ணிக்கை சரியாக இருந்தது.

மாத்திரை தொடங்கி இப்போது 8 மாதம். டி4 சரியாகிவிட்டது, டி.எஸ்.எச். மெதுவாகத்தான் ஏறுகிறது. ஒன்றரை வருடம் வரை மாத்திரை தொடரும். இது குடும்பத்தில் வரக்கூடியது என்றார்கள். தங்கச்சிக்கும் கொஞ்ச நாளாகக் கை நடுங்குகிறதாம். சனிக்கிழமை அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.