காம்பவுண்டும் வளவும்

பாளையங்கோட்டையில் மனை வாங்கியிருக்கும் என் தங்கை கணவரிடம் கொத்தனார் கேட்ட முதல் கேள்வி, "காம்பவுண்டு அஞ்சடி போதுமா, ஆறடி வேணுமா?" என்பது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் சுவரைக் குறிப்பதில்லை. சுவரோ வேலியோ சூழ்ந்து நிற்கும் உள்நிலத்தையே குறிக்கிறது. நம் வாயில் புகுந்ததும் உள்ளே இருந்த மண் எப்படியோ உதிர்ந்துபோய், சுற்றுச்சுவர் மட்டும் தங்கிவிட்டது. திருடன் காம்பவுண்டு ஏறிக் குதிக்கிறான். மழைக்குக் காம்பவுண்டு சரிகிறது. அதன் தலையில் கண்ணாடிச் சில்லு பதிக்கிறோம்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் துருவியவர்கள் யூலும் பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, போர்த்துகீசியச் சொற்களையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, மலாய் மொழியின் கம்போங் என்பதன் பக்கமே சாய்கிறது. வேலி சூழ்ந்த குடியிருப்பு, சிற்றூர் என்பது அதன் பொருள். கிழக்குத் தீவுகளில் வணிகம் செய்த ஐரோப்பியர் வாயில் அது உருமாறி, பங்களாவைச் சுற்றிய தோட்ட நிலத்துக்குப் பெயராகி நம்மிடம் வந்திருக்க வேண்டும். அதே மலாய்ச் சொல் இன்னொரு வழியாகவும் தமிழுக்குள் வந்திருக்கிறது. மலேசியத் தமிழர் சிற்றூரைக் 'கம்பம்' என்கிறார்கள். பினாங்கில் நெடுங்காலம் கடை வைத்திருந்து திரும்பிய கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர், கம்பத்து வீடுகளில் மழைநீர் புகுந்த கதையைச் சொல்லச் சொல்ல, தேனிப் பக்கத்துக் கம்பத்துக்கு இவர் எப்போது போனார் என்று நான் வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் திருநெல்வேலிக்காரனுக்கு இந்தச் சொல்லைக் கடன் வாங்க வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. எங்களிடம் 'வளவு' இருந்தது. டவுனில் தெருவை ஒட்டிய ஒரே வாசல் வழியாக, ஆள் ஒருவர் குடையை விரித்துக்கொண்டு போக முடியாத முடுக்கில் நுழைந்தால், எதிரும் புதிருமாக ஆறேழு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு துவைகல். என் அத்தை இருந்த வளவில், விளிம்பில் கயிறு உரசி உரசி விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்த கிணற்றுக் கல் இருந்தது. எங்கள் கோலிக்குண்டுகள் அதில்தான் உருளும். அங்கே யார் வீட்டு அடுக்களையில் என்ன கொதிக்கிறது என்பது பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். வளவு என்றால் சுவர் அல்ல, சுவருக்குள் வாழும் சனமும் சேர்த்துத்தான். ஈழத்திலும் வீட்டைச் சூழ்ந்த நிலத்துக்கு இதே பெயர்தான். 'வளாகம்' என்பதும் இதன் உறவுதான். இன்று ஆட்சியர் அலுவலகப் பலகையில் விறைப்பாக நிற்கும் இந்தச் சொல், புறநானூற்றின் 189-ஆம் பாடலில் 'தெண்கடல் வளாகம்' என்று, கடல் சூழ்ந்த உலகம் முழுவதையும் தனக்குள் அடக்கியது.

அத்தை வீட்டுக்கு வந்த கடிதங்களில் மட்டும் வளவு என்றிருக்காது. வீட்டு உரிமையாளர் பெயரும் பக்கத்தில் 'காம்பவுண்டு' என்றும் இருக்கும். முகவரிக்கு ஆங்கிலமும் வாய்க்குத் தமிழும் என்று பிரித்துக்கொண்டோம்போலும்.

சொல்லின் பழைய பொருள் சிதையாமல் நின்றது மிஷன் காம்பவுண்டில்தான். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊசிக்கோபுரக் கோயில் என்று நாங்கள் சொல்லும் தேவாலயம் 1826-இல் எழுந்தது. கோயிலும் பள்ளியும் விடுதியும் வேப்பமரங்களும் சேர்ந்த நிலப்பரப்பைத்தான் இந்தப் பக்கத்தில் இன்றும் மிஷன் காம்பவுண்டு என்கிறார்கள். அதே சொல்லுக்குக் கொடிய முகமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில், 1880-களில், கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே விடாமல் அடைத்துவைத்த இடத்துக்கும் காம்பவுண்டு என்றே பெயர்.

ஆங்கிலத்தில் இதே எழுத்துகளோடு இன்னொரு காம்பவுண்டு உண்டு. அது 'சேர்த்து வை' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூட்டு வட்டியும் வேதியியலின் சேர்மமும் அந்த வழி வந்தவை. மருந்து கலக்கும் காம்பவுண்டரும் அப்படித்தான். ஆனால் சிறுவயதில் நான், ஆஸ்பத்திரிக் காம்பவுண்டைப் பார்த்துக்கொள்பவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர் என்று நம்பியிருந்தேன். நாம் கொண்டுபோகும் பாட்டிலில் சிவப்பு மருந்தை ஊற்றி, வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்த காகிதத்தை அதன் விலாவில் ஒட்டி, ஜன்னல் வழியாக அவர் நீட்டுவார். அந்த ஜன்னல் இருந்தது சுற்றுச்சுவரை ஒட்டிய தாழ்வாரத்தில். பிறகு வேறெப்படி நினைப்பது?

இரண்டு காம்பவுண்டுகளும் ஒன்றையொன்று சந்தித்ததை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அத்தையின் வளவுக்குப் பின்னால், அரையடி நிலத்தை உள்ளே தள்ளிக் காம்பவுண்டு எழுப்பியதாக இரு வீட்டாருக்குள் சண்டை வந்து, கைகலப்பாகி, சிறுகாயத்துக்கு வழக்கும் பதிவானது. பாதிக்கப்பட்டவரே சமாதானமாகிவிட்டால் சில குற்றங்களை நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 359-ஆம் பிரிவு. வக்கீல்கள் அதையும் 'காம்பவுண்டு பண்ணுவது' என்றே சொல்வார்கள். வாய்தாவுக்கு அலைந்து சலித்த மாமா ஒருநாள் மத்தியானம் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காம்பவுண்டு கேஸ காம்பவுண்டு பண்ணியாச்சு" என்றார். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பம் சுவத்த இடிக்கப் போறாங்களா, இல்லையா?" என்று கேட்டாள்.