எம்.எஸ். நூறு ரூபா காயின் வாங்க நான் பட்ட பாடு

அம்மா பொறந்தநாளுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி நூறு ரூபா காயின் வாங்கிக் குடுக்கணும்னு ஆசை. நூற்றாண்டுக்காக 2017-ல விட்டது, அப்ப காயின் அடிக்கிற அரசாங்க மின்ட்ல புக் பண்ணாம கோட்டை விட்டுட்டேன், இப்ப வெளிய டீலர்ட்டதான் கெடைக்கும். ஆன்லைன்ல ஒருத்தன்ட்ட ஆர்டர் போட்டேன், அஞ்சே நாள்ல வந்துருச்சு.

வந்தது ராமநாதபுரம் கூரியர் ஆபீஸ் வரைக்கும்தான். தங்கச்சிமடத்துக்கெல்லாம் டெலிவரி இல்லையாம். பாம்பன் பாலம் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ல போய் நின்னா, பார்சல்ல வீட்டுல கூப்புடுற பேரு, ஆதார்ல வேற பேரு, தரமுடியாதுன்னுட்டாரு கவுண்டர்காரரு. "அண்ணே, ஓடிபி என் போனுக்குத்தான வந்துருக்கு"ன்னு காட்டுறேன், மனுசன் நிமிந்துகூட பாக்கல. டீலர பிடிச்சு பேர மாத்தி மெயில் போட வச்சு மறுநாளும் போனேன். ஒக்காந்திருந்தப்ப ஒரு யோசனை, எங்க ராமநாதபுரத்துப் பாண்டித்துரைத் தேவர் 1901-லயே மதுரையில தமிழ்ச் சங்கம் வச்சு புலவருங்கள ஆதரிச்சவரு, அவருக்கெல்லாம் எப்ப காயின் போடுவாங்களோ.

காசக் கட்டிட்டு அங்கயே வீடியோ எடுத்துக்கிட்டே பிரிச்சேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க, என்னையக் காப்பாத்துனதே அந்த வீடியோதான்.

கையில எடுத்ததுமே லேசா இருந்துச்சு. ஒரிஜினல் 35 கிராம், 44 மில்லிமீட்டர், பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மிச்சம் நிக்கலும் துத்தநாகமும். காந்தம் ஒட்டவே கூடாது. வீட்டுல செத்துப்போன டேப் ரெக்கார்டர் ஒண்ணு கெடக்கு, அம்மா வருசக்கணக்கா காலையில எம்.எஸ். பாட்டு போட்ட பொட்டி. அந்த ஸ்பீக்கர் காந்தத்தக் கழட்டி கிட்ட கொண்டுபோனேன், டக்குன்னு கவ்விக்கிச்சு! இரும்புக்கு வெள்ளிப் பூச்சு. நகைக்கடைத் தராசுல 24 கிராம்.

"வெயிட் லைட்டா முன்னப்பின்ன இருக்கும் சார்"னான் டீலர். பதினோரு கிராம் லைட்டாம்! நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்து, வீடியோ, தராசு போட்டோ, காந்தத்துல காயின் தொங்குற போட்டோ எல்லாத்தையும் அனுப்புனேன். ஒம்பதாவது நாள் பணம் ஏறிடுச்சு.

அப்புறம் மதுரையில ஒரு பெரியவர்ட்ட நேர்லயே போய் வாங்குனேன், காந்தம் பையிலதான் இருந்துச்சு. அம்மா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதக் கடையில குடுத்தா நூறு ரூவாய்க்குச் சாமான் தருவானாடா?"ன்னாங்க.