இரண்டாம் அலையில் அம்மாவுக்கு மனநல மருத்துவர் தேடிய கதை

2021 மே மாதத்தில் கொரோனா வராதவர்களுக்கு வைத்தியம் கிடைப்பதே பெரும்பாடு. அதிலும் மனசுக்கு வைத்தியம் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மாவுக்கு அது கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. வீட்டில் இதே நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது தென் மாவட்டத்துச் சிற்றூர். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. தெருவில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததும் தூக்கம் போய்விட்டது. சாயங்காலம் அரசின் கொரோனா அறிக்கை வாட்ஸப்பில் வந்துவிடும். மற்றவர்கள் அன்றைய புதிய தொற்று எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் அது 36,184. அம்மா அதோடு நிற்க மாட்டார். இறந்தவர் பட்டியலில் வயது, மாவட்டம், கூட இருந்த நோய் எல்லாம் போட்டிருப்பார்கள். தன் வயதில், சர்க்கரை உள்ள பெண்கள் எத்தனை பேர் என்று திரையில் விரல் வைத்துத் தேடுவார். நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பார்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்த பிறகு இது இன்னும் மோசமானது. அம்மா எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கழுவிய கை ஈரமாக, விரல் நுனி சில்லென்று இருக்கும். அந்த விரலில் மாட்டினால் 89, 90 என்று காட்டும். அதைப் பார்த்ததும் படபடப்பு கூடும், மறுபடி கை கழுவப் போவார், மறுபடி மாட்டுவார். விரலைத் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்தால் 98. நகப்பூச்சு இருந்தாலும் அளவு தப்பாக வரலாம். சூடான விரலிலும் 94-க்குக் கீழே காட்டினால் மட்டும் அதைப் பயம் என்று ஒதுக்கிவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்படி ஒரு ராத்திரி தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள், நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள், சளி மாதிரி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்ல, பயம்தான், கூட்டிட்டுப் போங்க" என்றார் பணியில் இருந்தவர். ஒன்றுமில்லை என்றால் ஒருவர் ஏன் இப்படி வேர்த்து நடுங்க வேண்டும்? பயத்துக்கு யாரிடம் போவது என்று கேட்டேன். பதிலே வரவில்லை. அம்மா அடுத்த நாளிலிருந்து "நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு வார்த்தை செய்த சேதம் கொஞ்ச நஞ்சமல்ல.

மதுரையில் ஒரு மனநல கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "இது எமர்ஜென்சி இல்லையே மேடம், லாக்டவுன் முடிஞ்சு வாங்களேன்" என்றார். சாப்பிடாமல் தூங்காமல் கிடக்கிறார் என்று மன்றாடியதும், ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா பரிசோதனையில் நெகட்டிவ் இருந்தால் வரலாம் என்றார். சரி, அதையும் எடுத்தோம். லாக்டவுனில் வேறு மாவட்டம் போகத் தேவைப்பட்ட இ-பதிவில் மருத்துவக் காரணம் என்று போட்டதும் அனுமதி வந்துவிட்டது. மாவட்ட எல்லையில் போலீஸும் ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கிளினிக் வாசலில் பூட்டு. ஊழியர் ஒருவருக்குத் தொற்றாம், முந்தின நாளே மூடிவிட்டார்களாம். எங்கள் நம்பரை எழுதி வைத்திருந்தவர்கள் ஒரு போன் செய்திருக்கலாம். இரண்டு முகக்கவசம் போட்டுக் காருக்குள் வேர்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னால எல்லாருக்கும் அலைச்சல்" என்று அழுதார்.

வழி கிடைத்தது வீட்டு வாசலிலேயே. காய்ச்சல் இருமல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு வந்த சுகாதார செவிலியர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே டாக்டர் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். அங்கேயும் கேட்டில் இருந்தவர், கொரோனா தவிர வேறு நோயாளிக்கு அனுமதி இல்லை என்று மறித்தார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டு, அவர் பேசிய பிறகுதான் வழி விட்டார். புறநோயாளிப் பிரிவைப் பின்பக்கக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கேட்டில் நின்று திரும்பிவிடாதீர்கள்; கைபேசியில் யாராவது ஒரு டாக்டரின் நம்பர் இருக்கட்டும்.

அந்த டாக்டர் அம்மாவிடம், "மூச்சு முட்டுறது நிஜம்தாம்மா, நீங்க பொய் சொல்லல" என்றுதான் ஆரம்பித்தார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், அதனால்தான் விரலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது, ஆக்சிஜன் குறையவில்லை என்று விளக்கினார். அம்மா முகம் அங்கேயே கொஞ்சம் தெளிந்தது. தைராய்டு கூடினாலும் சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்பு வரும் என்று ரத்தப் பரிசோதனையும் எழுதினார். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடினாலும் கூடும், பயந்து நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கூடத்தான் செய்தது. சொல்லியிருக்காவிட்டால் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்போம். ஒரு மாத மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள்.

அடுத்த முறை வீடியோவில் பார்த்து, மருந்துச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பினார். மெடிக்கல் கடை அண்ணாச்சி, "தூக்க மாத்திரைக்கு பேப்பர் வேணும்மா" என்று மறுத்துவிட்டார். அவர் பயமும் நியாயம்தான். கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1-இல் வரும் மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, கையெழுத்திட்ட சீட்டின் படத்தை டாக்டர் அனுப்பலாம். சீட்டில் இருந்த பதிவு எண், தேதி, கையெழுத்தைக் காட்டி, டாக்டரோடு பேச வைத்தேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். வாட்ஸப் சீட்டு வந்ததும் அந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.

அன்றைக்கு இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், எண் 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். அம்மாவுக்கு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறு வருடம் டாக்டரே நிறுத்தினார். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டுக்குக் கேட்டுவிடுங்கள்.