431

மார்ச் 3
அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதானாம்.

மார்ச் 4
ராத்திரி அப்பா டம்ளரை ஸ்பூனால் தட்டியிருக்கிறார். ஃபேன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்விட்சை அழுத்த விரலில் வலுவில்லை, அதனால் தொட்டாலே அடிக்கிற மணி செய்யப்போகிறேன். இரண்டு கம்பி, 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர், இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர். காய்ந்த விரல் வழியாகப் போகிற கரண்ட் சில மைக்ரோ ஆம்பியர்தான். ஒரு டிரான்சிஸ்டர் அதை 200 மடங்காக்கினாலும் பஸ்ஸர் முனகத்தான் செய்யும். இன்னொன்று அதை வாங்கிப் பெருக்க வேண்டும். கையிலோ ஒன்றுதான். செத்துப்போன போன் சார்ஜரிலிருந்து கழற்றி வைத்தது ஒன்று கிடக்கிறது. கறுப்பு, ஒரு பக்கம் தட்டை, மூன்று கால், அச்சு அசலாக அதேதான். எழுத்து மட்டும் அழிந்திருக்கிறது.

மார்ச் 5
மீட்டரை டயோடு டெஸ்டில் வைத்தால் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் 0.6 வோல்ட் சொச்சம். டிரான்சிஸ்டர்தான் என்று மீட்டர் சத்தியம் செய்கிறது. மணி வாயே திறக்கவில்லை.
“ரிச்சி ஸ்ட்ரீட் போனா ரெண்டு மூணு ரூபாதானேடா,” என்கிறாள் அம்மா. விலையா இப்போது பிரச்சினை? அப்படியென்றால் இது என்ன?

மார்ச் 6
தூக்கம் வரவில்லை. சாக்பீஸ் தூளைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கினேன். கடைசியில் 431. அல்லது 481.
குப்பைக்கூடையிலிருந்து சார்ஜர் போர்டை மீட்டேன். கழற்றிய ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே நாலு கால் பிசி817. மெயின்ஸ் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் ஒளியிலேயே சேதி சொல்லும் ஆப்டோகப்ளர். சார்ஜர்களில் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் டிஎல்431. அது டிரான்சிஸ்டரே இல்லை, வோல்ட்டேஜை 2.5 பக்கத்தில் பிடித்து நிறுத்துகிற குட்டி ஐசி.

மார்ச் 7
ரிப்போர்ட் இன்னும் டைப் ஆகவில்லையாம். எத்தனை பக்கம் டைப் அடிக்கிறார்கள்?

மார்ச் 8
ஓரக்கால் இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிளஸ். நடுக்காலுக்கு மைனஸ். 2.49 வோல்ட்! பழைய பேட்டரி போட்டேன், 2.49. புதுசு, 2.49. டிஎல்431தான், சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு மீட்டரைக் காட்டினேன். மணி எங்கே என்று சைகை செய்தார்.

மார்ச் 9
ஞாயிறு. கடை இருக்காது.

மார்ச் 10
பிசி547 பத்து வாங்கிவந்தேன். மணி அடிக்கிறது. அப்பா சும்மா சும்மா தொட்டுப் பார்க்கிறார், அம்மா ஓடி ஓடி வருகிறாள்.
பேட்டரி நடுராத்திரியில் தீர்ந்துபோனால்? அதற்கு 431 இருக்கிறது. பேட்டரி வோல்ட்டேஜை மேலே 18 கிலோ ஓம், கீழே 10 என்று இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தால், 431க்கு 2.5 வோல்ட் வருவது பேட்டரி 7இல் நிற்கும்போது. அதற்கு மேல் இருந்தால் எல்இடி எரியும், இறங்கினால் மங்கிவிடும். எப்போதும் எரியவிட்டால் அதுவே பேட்டரியைக் குடித்துவிடும். படுக்கப்போகும்முன் அழுத்திப் பார்க்க ஒரு பட்டன் வைக்கலாம்.

மார்ச் 11
18 கிலோ ஓம் கைவசம் இல்லை. 10உம் 8.2உம் தொடராகப் போட்டால் 18.2, போதும். ரிப்போர்ட்டுக்கு எட்டரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. சால்டர் எல்லாம் சாயங்காலம் வந்துதான்.