ஊருக்குத்தான் உபதேசம்

போன மாதம் தம்பி போன் பண்ணினான். அவன் பையன் படிப்பைப் பாதியில் விடுகிறேன் என்று அடம்பிடிக்கிறானாம். "நீயே சொல்லுக்கா, என் பேச்சை எங்க கேக்கறான்?" துணி மடித்துக்கொண்டே அரைமணி நேரம் பேசினேன். முதலில் அவன் சொல்வதை முழுசாகக் கேளு, இன்றைக்கே முடிவு சொல்லாதே, பிடிக்காதது படிப்பா அந்த இடமா என்று பிரித்துப் பாரு. தம்பி அசந்துபோய்விட்டான். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

பதினோரு நாள் கழித்து என் மகள் வந்து நின்றாள். வேலையை விட்டுவிட்டாளாம். விடப்போகிறாள் இல்லை, விட்டேவிட்டாள். அவள் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கதவைச் சாத்துவதற்கு முன் அவள் சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது: "மாமாகிட்ட பேசின அம்மாவக் கொஞ்சம் கூப்பிடறியா?"

இந்தக் கூத்துக்கு ஆய்வாளர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: சாலமோன் முரண். பைபிளில் வரும் சாலமோன், ஊர் உலகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன ராஜா, சொந்த வாழ்க்கையில் கோட்டை விட்டார். மகன் காலத்தில் ராஜ்யமே இரண்டாக உடைந்தது. இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், துணை துரோகம் செய்துவிட்டதாகச் சிலரைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தனக்கே நடந்ததாக, மீதிப் பேருக்கு நண்பருக்கு நடந்ததாக. நண்பருக்காக யோசித்தவர்கள்தான் நிதானமாக யோசித்தார்கள்: நமக்குத் தெரியாதது ஏதாவது இருக்கலாம், எதிராளிக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்றெல்லாம். தன் பிரச்சினையையே வெளியாள் மாதிரி தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. இருபது முப்பது வயசுக்காரர்களுக்கும் சரி, அறுபது தாண்டியவர்களுக்கும் சரி.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உறுத்தியது. நரைத்தால் விவேகம் தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். பட்டறிவு என்கிறோமே, அதில் 'பட்டு' வரைக்கும் நான் பலமுறை போயிருக்கிறேன். 'அறிவு'க்குப் போவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். பட்டதை உட்கார்ந்து பார்த்தால்தானே அறிவு? நான் பட்டதையெல்லாம் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைகளில் தப்பு எப்போதும் அடுத்தவர் மேல்தான்.

அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய நோட்டில் எழுதிப் பார்த்தேன். 'நான்' வரக்கூடாது, 'அவள்' என்றுதான் எழுத வேண்டும் என்று எனக்கு நானே விதி. "அவள் மகள் வேலையை விட்டுவிட்டாள். அவள் கத்தினாள். ஏன் விட்டாய் என்று அவள் கேட்கவில்லை." மூன்றாவது வரியோடு பேனா நின்றுவிட்டது. உண்மையிலேயே நான் கேட்கவில்லை.

மறுநாள் மகள் அறைக்குப் போனேன். கையில் சும்மா இருக்க முடியாதென்று ஒரு தலையணை உறையையும் எடுத்துப் போனேன். "ஏன் விட்டே?" என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் நாலு தடவை வாய் திறக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உறையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"அது மடிஞ்சுடுச்சும்மா, விடு" என்றாள்.